கயிறும் கழகமும்

உடன்குடி, தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர். செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த ஊர். கிழக்கே குலசேகரன்பட்டினம், சற்றுத் தெற்கே மணப்பாடு. உடன்குடிக் கருப்பட்டி என்றால் நாடு முழுதும் நாவூறும். அந்தக் கருப்பட்டியின் பின்னே இருக்கும் உழைப்பை எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்? விடியுமுன் எழுந்து, காலில் தளைநார் பூட்டி, இடுப்பிலே பாளை அரிவாள் பெட்டியைக் கட்டி, மரத்துக்கு மரம் ஏறி இறங்கிப் பதநீர் இறக்குகிறார் ஒருவர். விடிலியின் புகையிலே நின்று அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுகிறார் அவர் மனைவி. அந்தத் தளைநார் ஒரு கயிறுதான். ஆனால் அது மனிதனை மேலே ஏற்றும் கயிறு. அவன் கீழே விழாமல் காக்கும் கயிறு.

அண்மையில் அவ்வூரின் தேநீர்க் கடையொன்றில் மாணவர் சிலருடன் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவரின் மணிக்கட்டிலே வண்ணக் கயிறு ஒன்று கிடந்தது. "இது என்ன தம்பி?" என்றோம். சிறிது தயங்கினார். பிறகு, "எங்க ஆளுங்க கயிறு, அண்ணே" என்றார். அந்த 'எங்க' என்ற சொல்லில் ஒரு பெருமிதம் இருந்தது. அந்தப் பெருமிதத்தைக் கண்டு நாம் சினம் கொள்ளவில்லை, கவலை கொண்டோம். அந்த இளைஞர் கேட்பது, "நான் யார்?" என்ற கேள்வி. அது நியாயமான கேள்வி. அதற்கு அவர் கையில் கிடைத்த விடையோ ஒரு முழக் கயிறு!

"நான் யார்?" என்று மாணவர் கேட்பதும், அதற்கு விடை தேடி ஒன்றுகூடுவதும் உடன்குடிக்கு மட்டும் உரிய சேதியன்று. கடல்கடந்த அமெரிக்காவிலே கறுப்பின மாணவர்கள் அதே கேள்வியைக் கேட்டுக் கழகம் கண்டார்கள். நம் நாட்டிலும் கண்டார்கள். இரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, கயிறு கட்டிய தம்பிக்கும் நமக்கும் பயன்படும் என்று கருதுகிறோம்.

*

1906 டிசம்பர் 4. நியூயார்க் மாநிலத்து இத்தாக்கா நகர். அங்கே கார்னெல் பல்கலைக் கழகம். வெள்ளை மாணவர்களுக்குச் சகோதரக் கழகங்கள் பல உண்டு. தங்க வீடுண்டு, உண்ண மேசையுண்டு, முன்னவர் பின்னவருக்குத் துணைநிற்கும் ஏற்பாடுண்டு. கறுப்பு மாணவருக்கோ அந்தக் கதவுகள் திறப்பதில்லை. கல்லூரிக்குள்ளே சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் கூட்டத்துக்குள்ளே சேர்க்கவில்லை. பாடம் உண்டு, பந்தி இல்லை! அந்த நிலையில் 7 மாணவர்கள் கூடி, 'ஆல்பா பை ஆல்பா' என்ற சகோதரக் கழகத்தைத் தோற்றுவித்தார்கள். கல்லூரி மாணவர்க்கென எழுந்த கறுப்பினச் சகோதரக் கழகங்களில் நிலைத்து நின்ற மூத்த கழகம் அதுவே.

ஈராண்டுக்குப் பின், 1908இல், வாஷிங்டனில் உள்ள ஓவர்டு பல்கலைக் கழகத்திலே கறுப்பினப் பெண்கள் 'ஆல்பா கப்பா ஆல்பா' என்ற சகோதரியர் கழகத்தை அமைத்தார்கள். அடிமைமுறை ஒழிந்தபின் 1867இல் எழுந்த பல்கலைக் கழகம் அது. அங்கேயே 1913 சனவரியில் 22 மாணவியர் 'டெல்டா சிக்மா தீட்டா' கண்டனர். தோன்றி இரண்டு மாதம் நிரம்பவில்லை. மார்ச் 3ஆம் நாள், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வாஷிங்டன் தெருக்களிலே நடந்த மாபெரும் ஊர்வலத்தில் அந்த மாணவியரும் நடந்தார்கள். கழகம் கூடியது கோலாட்டத்துக்கன்று, கோரிக்கைக்கு!

இவ்வாறு எழுந்த கழகங்கள் ஒன்பது. அவற்றிலிருந்து வந்தவர்களின் பட்டியல் நீண்டது. கறுப்பின மக்களின் பேரறிஞர் டூ பாய்சு ஆல்பா கழகத்தில் இடம் பெற்றவர். பள்ளிகளில் நிறவேற்றுமை கூடாதென்று 1954இல் தீர்ப்புப் பெற வழக்காடி, 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்சல் அதன் உறுப்பினர். மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். நம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட தாய் வழியில் பிறந்து, 2021இல் அமெரிக்கத் துணைத் தலைவரான கமலா ஆரிசு, ஓவர்டில் படித்தபோது 1986இல் ஆல்பா கப்பா ஆல்பாவில் சேர்ந்தவர்.

இந்தக் கழகங்களுக்குள் புகுந்த மாணவனின் உள்ளத்திலே நிகழ்வது என்ன? வில்லியம் கிராசு என்ற கறுப்பின உளவியலறிஞர் 1971இல் இதை ஆராய்ந்து, படிகளாகப் பகுத்துக் காட்டினார். முதற் படியில், வெள்ளையர் வைத்ததே அளவுகோல் என்று அவன் நம்பிக் கிடக்கிறான்; தன் நிறம் தனக்கே சுமை. இரண்டாவது படி, மோதல். ஓர் அவமதிப்போ ஒரு கொடுமையோ அவனைத் தட்டி எழுப்புகிறது. மூன்றாவது படியில், தன் இனத்தின் உடை, பாட்டு, வரலாறு ஆகியவற்றிலே மூழ்குகிறான். பிறரைக் கண்டாலே வெறுக்கிறான். பிறகு மெல்ல மேலெழுகிறான். நான்காவது படியில், 'நான் கறுப்பன்' என்பது அவனுக்குச் சுமையுமன்று, சூளுமன்று, இயல்பு. அந்தத் தெளிவு வந்தபின் பிறருடன் அச்சமின்றிக் கைகுலுக்க முடிகிறது. ஐந்தாவது படி, அந்தத் தெளிவை வாழ்நாள் தொண்டாக ஆக்குவது.

இதில் நாம் உற்று நோக்க வேண்டியது மூன்றாவது படி. மூழ்குவது தவறன்று, தாகமுள்ளவன் தண்ணீரில் இறங்கத்தான் செய்வான். மூழ்கியவன் மேலே வருகிறானா என்பதே கேள்வி. நல்ல கழகம் அவனை மேலே தூக்கும். கெட்ட கழகம் அவன் தலையை அமுக்கிப் பிடிக்கும்.

*

இனி நம் கடற்கரைக்கு வருவோம்.

உடன்குடியிலிருந்து தென்மேற்கே, இதே தேரிக்காட்டின் தொடர்ச்சியிலே, இடையன்குடி இருக்கிறது. 1841 முதல் அங்கே வாழ்ந்தவர் பாதிரியார் கால்டுவெல். 1856இல் அவர் வெளியிட்ட ஒப்பிலக்கண நூல், தமிழ் முதலான மொழிகள் வடமொழியின் வழிவந்தவையல்ல, தனிக்குடும்பம் என்று நிலைநாட்டியது. 'திராவிட' என்ற சொல்லை உலகறியச் செய்தது. அந்த நன்றியை நாம் மறப்பவரல்லர்.

ஆனால் அதே கால்டுவெல், அதற்கு 7 ஆண்டு முன்னே, 1849இல் இன்னொரு நூல் எழுதினார். 'திருநெல்வேலிச் சாணார்' என்பது அதன் பெயர். பனையேறி வாழ்ந்த மக்களைப் பற்றியது. தாம் யாருக்காக உழைத்தாரோ அந்த மக்களையே இழித்துக் கூறும் கருத்துகள் அதில் இருந்தன. படிப்பறிவு வரும்வரை அந்த மக்கள் அதை அறியவில்லை. படிக்கத் தொடங்கியதும் படித்தார்கள், பதைத்தார்கள். கிராசு சொன்ன 'மோதல்' என்பது இதுதான்! அச்சிட்ட தாளில் தன் முகத்தை இன்னொருவர் வரைந்திருக்கக் கண்டு, 'இது நானல்ல' என்று கூவிய நேரம் அது. எதிர்ப்பு வலுத்தது, கண்டன ஏடுகள் வந்தன, பின்னாளில் அந்நூல் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்திலே சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம், 1857இல் வெள்ளைப் பாதிரிமாரின் தலைமையை உதறித் தனிச் சபையே கண்டார்.

பெயர் சூட்டிய கையும் பழி தீட்டிய கையும் ஒரே கை என்பது வரலாற்றின் விந்தை. அதில் ஒரு பாடமும் இருக்கிறது: பிறர் நமக்குச் சூட்டும் பெயர் பாராட்டாகவும் இருக்கலாம், பழியாகவும் இருக்கலாம். தனக்குத் தானே பெயர் சொல்லத் தொடங்கும் நாளில்தான் ஒரு மக்கள் கூட்டம் எழுந்து நிற்கிறது.

அந்த மக்கள் பட்ட பாடு கொஞ்சமா? திருவிதாங்கூரிலே அவர்கள் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்குப் பல்லாண்டு போராடினார்கள். 1859இல்தான் அரசு இணங்கிற்று. கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நுழைந்ததற்காக வழக்கு நடந்தது. அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பாயிற்று. 1899இல் சிவகாசி தாக்கப்பட்டது. வடக்கன்குளத்திலே, கிறித்துவின் கோயிலிலேகூட, வேளாளருக்கு ஒரு கூடம், இவர்களுக்கு ஒரு கூடம் என்று பிரித்து, 1872இல் இரட்டைக் கூடக் கட்டடம் எழுப்பினார்கள். மக்கள் அதைக் 'கால்சட்டைக் கோயில்' என்று அழைத்தார்கள். 1910இல்தான் நடுச்சுவர் இடிந்தது. மதம் மாறினால் சாதி போகும் என்பாருக்கு வடக்கன்குளத்துச் செங்கல் விடை சொல்லும்!

இத்தனைக்கும் பிறகு அவர்கள் கூடினார்கள். 1910 பிப்ரவரியில் பொறையாற்றில் நாடார் மகாசன சங்கம் தோன்றிற்று. வணிகர் தந்த மகமைப் பணத்தில் பள்ளிகள் எழுந்தன. மாணவருக்குப் படிப்புதவி கிடைத்தது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. அதே ஆண்டுக் குடிமதிப்பில் பழைய பெயர் நீங்கி 'நாடார்' என்ற பெயரை அரசு ஏற்றது. இதில் ஒரு நுட்பம் உண்டு. 'நாடார்' என்பது முன்பு நிலமும் பனையும் உடைய சிலருக்கே உரிய பட்டம். மரமேறியவருக்கு அது இல்லை. 1921க்குப் பின் ஏறியவரும் ஏற்றியவரும் ஒரே பெயரில் நின்றார்கள். சிலர் பெயர் பலர் பெயராயிற்று. இது வளர்ச்சி, இதை நாம் வாழ்த்துகிறோம்.

அதே காலத்தில் அதே மக்களிடையே இன்னொரு முயற்சியும் நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "நாங்கள் சத்திரியர்" என்றார்கள் சிலர், பூணூல் அணிந்தார்கள். விருதுநகரில் காமராசர் படித்த பள்ளியின் பெயரே சத்திரிய வித்தியாசாலை! ஏன் இந்தப் பெயர்? ஏணியின் அடிப்படியிலே நிறுத்தப்பட்டவன், "எனக்குரியது மேற்படி" என்று வழக்காடுகிறான். அவன் துயரம் நமக்குப் புரிகிறது. ஆனால் அந்த வழக்கில் ஏணி எங்கே குற்றவாளியாகிறது? "நான் சூத்திரனல்லன், சத்திரியன்" என்பவன், சூத்திரன் என்று ஒருவன் இருப்பதை ஒப்புக்கொண்டல்லவா பேசுகிறான்? பனையேறியின் தளைநார் உழைப்பால் உயர்த்தியது. பூணூல், உயர்த்துவதாகக் கூறி, மனுவின் தூணிலே கட்டிப் போட்டது. கிராசு கூறிய முதற் படி, எதிரியின் அளவுகோலால் தன்னை அளந்துகொள்ளும் படி, இதுவே.

*

மாணவர் வரலாற்றுக்கு வருவோம். சென்னைத் திருவல்லிக்கேணியிலே, 1910களின் நடுவில், மருத்துவர் நடேசனார் ஒரு விடுதி தொடங்கினார். வெளியூர்களிலிருந்து படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவருக்குத் தங்க இடமில்லை. உணவு விடுதிகளிலே சமபந்தியில்லை. அதைத் தீர்க்க எழுந்தது அவ்வில்லம். அதற்கு அவர் எந்தச் சாதியின் பெயரையும் இடவில்லை. 'திராவிடர் இல்லம்' என்றார். கார்னெலில் 7 மாணவர் கூடியதற்கும் திருவல்லிக்கேணியில் நடேசனார் விடுதி கண்டதற்கும் இடையே ஏறத்தாழப் பத்தே ஆண்டு. அவரை இவர் அறிந்தாரில்லை. இவரை அவர் அறிந்தாரில்லை. அடைத்த கதவு ஒரே மாதிரியானது. ஆகவே தட்டிய கையும் ஒரே மாதிரி அமைந்தது.

அதற்கும் முன்பே, 1891இல், அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாசன சபை கண்டார். ஒடுக்கப்பட்டோரை இழிபெயரால் அழைக்காமல் 'ஆதி திராவிடர்' என்றே குறிக்க வேண்டும் என எம்.சி. இராசா சட்டமன்றத்தில் வாதாடினார். 1922இல் அரசு அதை ஏற்றது. பெயருக்காக இத்தனை போராட்டமா என்று நகைப்போர் இருந்தனர். பெயரால் அடிபடாதவர்க்கு அந்த நகைப்பு எளிது!

1922இல் நம் தாமிரபரணிக் கரையிலே சேரன்மாதேவிக் குருகுலம் எழுந்தது. நாட்டுப்பற்று ஊட்ட வந்த பள்ளி. காங்கிரசின் நிதி பெற்ற பள்ளி. அங்கே பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி. அதை எதிர்த்தார் பெரியார், எதிர்த்தார் வரதராசுலு. ஒரு வேளைச் சோற்றிலே தொடங்கிய அந்த வினா, 1925இல் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறியதில் வந்து நின்றது. 1943இல் கும்பகோணம் அரசினர் கல்லூரி விடுதியிலே தண்ணீர்ப் பானைகள் இரண்டு: ஒன்று பார்ப்பனருக்கு, ஒன்று மற்றவருக்கு. அந்தப் பானையிலிருந்து பிறந்ததுதான் திராவிட மாணவர் கழகம். இத்தாக்காவில் பந்தி மறுப்பு, சேரன்மாதேவியில் பந்தி வேற்றுமை, கும்பகோணத்தில் பானை வேற்றுமை. மாணவன் தன்மானத்தைக் கற்பது பாடநூலிலன்று, சாப்பிடும் இடத்திலே!

இரு நாட்டு ஒடுக்கப்பட்டோர் ஒருவரையொருவர் கண்டுகொண்டதும் உண்டு. சோதிராவ் புலே 1873இல் தம் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டூ பாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. மன்றத்தில் கறுப்பின மக்கள் வைத்த முறையீட்டின் படியைக் கேட்டார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் சிறுத்தைகள், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்தே பெயர் சூடினர்.

*

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்: "கறுப்பின மாணவர் தம் இனப் பெயரால் கூடினால் புகழ்கிறீர். எங்கள் ஊர் மாணவர் தம் சாதிப் பெயரால் கூடினால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறீர்?"

நல்ல கேள்வி. தட்டிக் கழிக்கக் கூடாத கேள்வி.

அமெரிக்காவில் இருந்தது ஒரு சுவர். சுவருக்கு அப்பால் வெள்ளையர், இப்பால் கறுப்பர். இப்பால் நின்றவர் கைகோத்தால் அந்தக் கை சுவரைத்தான் தள்ளும். நம் நாட்டில் இருப்பதோ ஏணி. அம்பேத்கர் அதைப் படிநிலைச் சமமின்மை என்று விளக்கினார். ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் மேலே மிதிக்க ஒருவன், கீழே மிதிபட ஒருவன். இங்கே ஒரு சாதியின் பெயரால் மட்டும் கைகோத்தால், அந்தக் கைகள் மேலே இருப்பவனை நோக்கி எழும் அதே நேரத்தில், கால்கள் கீழே இருப்பவன் தோள்மீது இருக்கும். கை கேட்பது உரிமை. கால் செய்வது கொடுமை! ஆகவே, அங்கே அளவுகோல் ஒன்று, இங்கே இரண்டு. "உன்னை மிதித்தவனை எதிர்த்தாயா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "உன் காலடியில் யார்?" என்றும் கேட்க வேண்டும்.

அமெரிக்கக் கழகங்களும் குற்றமற்றவையல்ல. பிரேசியர் என்ற கறுப்பினச் சமூகவியலறிஞர், 1950களிலேயே, அக்கழகங்கள் நடுத்தர வகுப்பின் பகட்டுக்கும் களியாட்டுக்கும் இடமாவதைக் கடுமையாகச் சாடினார். புதிதாய்ச் சேர்வோரை அடித்தும் வதைத்தும் 'பக்குவப்படுத்தும்' வழக்கம் அங்கே உயிர்களைக் குடித்ததுண்டு. அவமதிப்பிலிருந்து காக்கப் பிறந்த கழகம், தன் தம்பியையே அவமதித்துச் சேர்த்துக்கொள்ளும் கொடுமை அது. கழகம் என்று பெயரிட்டாலே நன்மை விளைந்துவிடாது என்பதற்கு அதுவே சான்று.

நம்மூர்க் கதை அதைவிடக் கசப்பு. 2023 ஆகஸ்டு 9ஆம் நாள், நாங்குநேரியிலே, 12ஆம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்கள் யார்? கூலிப்படையினரா? இல்லை, உடன் படித்த மாணவர்கள்! வெட்டுண்டவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதே அவர் செய்த 'குற்றம்'. 2025 மார்ச்சில், நம் மாவட்டத்துத் திருவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் புறப்பட்ட 11ஆம் வகுப்பு மாணவரைப் பேருந்திலிருந்து இழுத்து வெட்டினார்கள், விரல்கள் துண்டாயின. எழுதப் போன கை, தோழர்களே! எழுதப் போன கையின் விரல்கள்!

நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு, 2024 சூன் 18இல் அறிக்கை தந்தது. பள்ளிகளின் பெயரிலுள்ள சாதி அடையாளத்தை நீக்குக, மணிக்கட்டில் வண்ணக் கயிறும் விரலில் அடையாள மோதிரமும் நெற்றியில் சாதிக்குறியும் கூடாது என்று பரிந்துரைத்தது. இது புதிய செய்தியுமன்று. 2019இலேயே கயிறுகளைத் தடுக்கப் பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை விடுத்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது முடங்கிற்று. 2025 சூலையில் அரசு மாணவர் விடுதிகள் யாவும் 'சமூகநீதி விடுதிகள்' எனப் பெயர் மாறின. நடேசனார் ஒரு விடுதிக்குச் செய்ததை நாடு முழுவதும் செய்ய ஏறத்தாழ 110 ஆண்டு ஆயிற்று!

நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பகுத்தறிவு இயக்கம் வேரூன்றிய நாடு இது. அந்த இயக்கத்தின் வழிவந்தோர் 1967 முதல் ஆண்ட நாடு இது. அந்த நாட்டின் வகுப்பறையிலே கயிறு எப்படி நுழைந்தது? பெயருக்குப் பின்னிருந்த சாதிப் பட்டத்தை வெட்டினோம். உலகே வியக்க வெட்டினோம். வெட்டிய பட்டம் மணிக்கட்டில் போய் ஒட்டிக்கொண்டதை நாம் கவனிக்கவில்லை. தேர்தலுக்குத் தேர்தல், எந்தத் தொகுதியில் எந்தச் சாதி என்று கணக்கெடுத்து ஆளை நிறுத்தும் பெரியவர்கள், மாணவனைப் பார்த்து "கயிற்றை அறு" என்றால் அவன் சிரிக்க மாட்டானா? அந்தச் சிரிப்புக்கு விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு.

*

சாதியின் பெயரால் கூடியவர் அதைக் கடக்கவே முடியாதா? முடியும். கடந்து காட்டியவர் நம் வரலாற்றிலேயே இருக்கிறார். பட்டிவீரன்பட்டி சௌந்திரபாண்டியனார். நாடார் மகாசன சங்கத்தின் தலைவராய் இருந்தவர். தம் மக்களின் அவமதிப்பை நன்கறிந்தவர். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்கு அவரே தலைவர். சாதிப் பட்டத்தை ஒழிக்க வேண்டுமென்று அங்கே தீர்மானம் வந்தபோது, தம் பெயரிலிருந்த பட்டத்தையே கழற்றி வைத்தார். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராய் இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரைப் பேருந்தில் ஏற்ற மறுத்த முதலாளிகளைப் பார்த்து, ஏற்றாவிட்டால் உரிமம் இல்லை என்று ஆணையிட்டார்.

அந்த ஆணையின் பொருளை எண்ணிப் பாருங்கள். கோயில் கதவு சாத்தப்பட்ட குலத்தில் பிறந்தவர், தம் கைக்கு அதிகாரம் வந்ததும், பேருந்துக் கதவைத் தமக்குக் கீழே வைக்கப்பட்டவருக்குத் திறந்துவிடுகிறார். "உன் காலடியில் யார்?" என்ற கேள்விக்கு அவர் தந்த விடை அது. கிராசு கூறிய ஐந்தாவது படியும் அதுதான்: மூழ்கினார், மேலெழுந்தார், பிறரையும் தூக்கினார்.

தூத்துக்குடி நாடார் வங்கியும் 1962இல் தன் பெயரைத் 'தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி' என்று மாற்றிக்கொண்டது. ஊரார் பணமெல்லாம் வந்து சேர வேண்டுமானால் பெயரும் விரிய வேண்டும் என்பதை வாணிகம் உணர்ந்தது. பணத்துக்குத் தெரிந்த பகுத்தறிவு மனிதருக்குத் தெரிய வேண்டாமா?

இன்றும் நல்ல கழகங்கள் இல்லாமற் போகவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யிலே 2014இல் மாணவர் சிலர் அம்பேத்கர் – பெரியார் படிப்பு வட்டம் அமைத்தார்கள். 2015 மே மாதம் அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் சூன் மாதமே திரும்பிற்று. ஐதராபாத்துப் பல்கலைக் கழகத்தின் அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் இருந்த ரோகித் வெமுலாவோ 2016 சனவரி 17இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒடுக்கப்பட்ட மாணவனுக்குக் கழகம் தேவையில்லை என்று எவரேனும் கூறினால், அந்த நாளை நினைவூட்டுவோம். தனியே நிற்பவனைச் சாய்ப்பது எளிது. ஆகவே கூடுங்கள், கட்டாயம் கூடுங்கள். கூடும்போது மூன்று கேள்வி கேளுங்கள்.

நம் மன்றத்தில் எவர் வேண்டுமானாலும் உறுப்பினராகலாமா?

நம் மன்றம் நமக்கு மேலே நிற்பவனிடம் கேட்கும் உரிமையை, நமக்குக் கீழே வைக்கப்பட்டவனுக்குத் தருகிறதா?

நம் மன்றத்தை விட்டு வெளியே வரும் மாணவன், உள்ளே நுழைந்தபோது இருந்ததைவிட அச்சம் குறைந்தவனாக வருகிறானா, வெறுப்பு மிகுந்தவனாக வருகிறானா?

இவற்றுக்கு நேர்மையான விடை கிடைத்தால் அது கழகம். கிடைக்காவிட்டால், எந்தப் பெயர் சூட்டினாலும் அது கயிறுதான்.

உடன்குடித் தம்பியிடம் அன்று நாம் இவ்வளவும் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டோம்: "உங்க தாத்தா பனையேறினவரா, தம்பி?" "ஆமா அண்ணே" என்றார். "அவர் காலில் கட்டியதும் கயிறுதான். அந்தக் கயிறு அவரை மேலே ஏற்றிற்று. இந்தக் கயிறு உன்னை எங்கே ஏற்றுகிறது?" என்றோம்.

அவர் விடை கூறவில்லை. கயிற்றை அங்கேயே அறுத்தெறிந்தார் என்று எழுதினால் கதை அழகாக முடியும். ஆனால் அவர் அறுக்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாசகசாலை தொடங்கணும்னு நாலு பேர் பேசிட்டு இருக்கோம், அண்ணே. மேலத்தெரு பசங்களையும் கூப்பிடலாமா?" என்று கேட்டார்.

கூப்பிடலாம் தம்பி. முதலில் அவர்களைக் கூப்பிடு.